மாமன் மகனை முதல் கிலோமீட்டரிலேயே துரத்தலாமா? ஏற்காட்டு 5 கிலோமீட்டர் ஓட்டம் குறித்த கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கலையொட்டி ஏற்காட்டில் நடக்கவிருக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நீங்களும் உங்கள் மாமன் மகனும் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். இருவரும் சேலத்தில் ஒன்றாகப் பயிற்சி செய்கிறவர்கள், ஏறத்தாழ ஒரே வேகக்காரர்கள், நாற்பதை நெருங்குகிறவர்கள். போன முறை சமதளச் சாலையில் நடந்த ஓட்டத்தில் அவர் எடுத்த எடுப்பிலேயே முன்னே பாய்ந்திருக்கிறார். நீங்களும் விட்டுக்கொடுக்காமல் ஒட்டிக்கொண்டு ஓடி, மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டிக் கால் கனத்துப்போய், அவருக்கு 20 வினாடி கழித்து முடித்திருக்கிறீர்கள். இந்த முறை அவரை ஒட்டியே ஓடுவதா, தனி வேகத்தில் ஓடுவதா, அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஓடிக் கடைசியில் முந்துவது உறவுக்காரரிடம் செய்யத் தக்கதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அவரைத் தோற்கடிக்க வழி சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. போட்டி மனம் உங்களை விரைவாக ஓட வைக்கிறதா, கெடுக்கிறதா என்பதே உங்கள் ஐயம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் சேலத்தில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும், பிற்பாடு நடுவயதில் ஓடத் தொடங்கியவர்களுக்கும் நடுத்தூர, நெடுந்தூர ஓட்டங்களில் பயிற்சி அளித்துவருகிறேன். மருத்துவன் அல்லன், ஆகவே உடல்நலம் பற்றிக் கீழே சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில் சுருக்கமான பதில். சமதள ஓட்டமாக இருந்தால், முதல் மூன்றில் ஒரு பங்கு தூரம் அவர் எங்கே இருக்கிறார் என்பது உங்கள் வேகத்தைத் தீர்மானிக்கக் கூடாது; நடுப்பகுதியில் அவரைக் கண்ணில் வைத்துக்கொண்டால் போதும்; கடைசி மூன்றில் ஒரு பங்கில் முழு மனத்தோடு போட்டியிடுங்கள். நீங்கள் விவரித்த ஏற்காட்டுப் பாதை ஏரிக்கரையில் தொடங்கி இரண்டரை கிலோமீட்டர் ஏறி, திரும்பி, வந்த வழியே இறங்குவது. அதில் போட்டி தொடங்கும் இடம் இன்னும் தள்ளிப்போகும். திரும்புமிடத்தைச் சுற்றி வரும் வரை உங்களுக்குப் போட்டியாளர் என்று யாரும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் காரணங்களுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய கிலோமீட்டர்வாரி நேரங்களே பாதிக் கதையைச் சொல்கின்றன. முதல் கிலோமீட்டர் 4 நிமிடம் 50 வினாடி, இரண்டாவது 5 நிமிடம் 25, மூன்றாவது 5 நிமிடம் 55, நான்காவது 5 நிமிடம் 50, கடைசி 5 நிமிடம் 40. மொத்தம் 27 நிமிடம் 40 வினாடி. தனியாக ஓடிப் பார்த்தபோது இதே தூரத்தை 27 நிமிடத்தில் முடித்ததாகச் சொல்கிறீர்கள். அதாவது சராசரி கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 24 வினாடி. போட்டியின் முதல் கிலோமீட்டரை அந்தச் சராசரியைவிட 34 வினாடி, ஏறத்தாழ 10 விழுக்காடு, விரைவாக ஓடியிருக்கிறீர்கள். அதற்கான விலையை மூன்றாவது, நான்காவது கிலோமீட்டர்களில் கொடுத்திருக்கிறீர்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் போட்டி உங்களுக்கு 40 வினாடி இழப்பையே தந்திருக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி ஒன்று உண்டு. ஓடத் தொடங்கிய நொடியிலேயே தசைகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் முழுமையாக வந்து சேர்ந்துவிடுவதில்லை. நுரையீரலும் இதயமும் தசையும் தேவைக்கு ஈடுகொடுக்கும் நிலையை அடைய இரண்டு, மூன்று நிமிடங்கள் ஆகின்றன. அதுவரை உள்ள பற்றாக்குறையைத் தசைகள் தம்மிடம் சேமித்துள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டைக் கொண்டும், ஆக்சிஜன் இல்லாமலேயே குளுக்கோஸைச் சிதைத்தும் சரிக்கட்டிக்கொள்கின்றன. அந்தச் சில நிமிடங்களில் மூச்சு பெரிதாக வாங்காது, கால் இலேசாக இருக்கும், கூட்டத்தின் உற்சாகமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே உங்களால் தாங்க முடியாத வேகம்கூட அப்போது எளிதாகவே தோன்றும். உங்கள் மாமன் மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடியது சரியாக இந்தப் பொய்யான இலேசின் நேரத்தில்தான்.

உலகத்தரமான ஓட்டக்காரரும் இதற்கு விலக்கல்ல. ரோஜர் பானிஸ்டர் 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, முதன்முதலாக நான்கு நிமிடத்துக்குள் முடித்தவரானார். அவருக்கு முன்னே வேகம் அமைத்துக் கொடுத்தவர்கள் நண்பர்களான கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும். முதல் சுற்றில் பானிஸ்டருக்கு உடல் அவ்வளவு இலேசாக இருந்ததால், இன்னும் விரைவாக ஓடும்படி முன்னே ஓடிய பிராஷரைப் பார்த்துக் கத்தினார். பிராஷர் அதைக் காதில் வாங்காமல் தம் வேகத்திலேயே போனார். அந்தச் சுற்று முடிந்தபோது 57.5 வினாடிதான் ஆகியிருந்தது. தேவைப்பட்டதைவிட அதுவே விரைவு. பிராஷர் அன்று அந்தக் குரலுக்குச் செவிசாய்த்திருந்தால் சாதனை கைநழுவியிருக்கும் என்பதைப் பானிஸ்டரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நட்போடு ஓடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன்.

ஐயத்துக்குரிய பகுதிகளையும் சொல்ல வேண்டும். கால் கனத்துப்போவதற்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று மைதானங்களில் நாம் உறுதியாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த அமிலத்தின் உடலில் உள்ள வடிவமான லாக்டேட்டைத் தசையும் இதயமும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. களைப்பில் ஹைட்ரஜன் அயனிகளுக்கும், தசையில் சேரும் பாஸ்பேட்டுக்கும், மூளையின் கட்டுப்பாட்டுக்கும் எவ்வெவ்வளவு பங்கு என்பதில் உடலியல் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வேகமாகத் தொடங்கினால் நடுவில் சரிவு வரும் என்பது மட்டும் உறுதி. அதேபோல் தொடக்கம் முதல் இறுதி வரை துளியும் மாறாத வேகமே சிறந்தது என்பதையும் நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. நடுத்தரப் பயிற்சி பெற்ற பெண் ஓட்டக்காரர்கள் சிலரைக் கொண்டு 5 கிலோமீட்டரில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் மைலைத் தம் சராசரியைவிட 3 முதல் 6 விழுக்காடு விரைவாகத் தொடங்கியபோது அவர்கள் சற்று நல்ல நேரமே எடுத்தார்கள். ஆனால் ஆள் எண்ணிக்கை குறைவு, ஓடியது டிரெட்மில்லில், அதுவும் சமதளமாக. உங்கள் கணக்கில் 3 விழுக்காடு என்பது முதல் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 14 வினாடி, 6 விழுக்காடு என்பது 5 நிமிடம் 5 வினாடி. இந்த எல்லைக்குள் இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் ஓடியது 4 நிமிடம் 50 வினாடி.

போட்டியாளர் ஒருவர் இருப்பது உண்மையிலேயே நம்மை விரைவாக்குகிறதா என்ற கேள்வி பழையது. 1898-இல் நார்மன் ட்ரிப்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு போட்டியிடும்போது விரைவாக ஓட்டுகிறார்கள் என்பதைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்காட்டினார். உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது கேவின் கில்டஃப் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் ஒரு சிறு ஓட்டக் குழுவின் பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்த அவர், தம் போட்டியாளர் என்று மனத்தில் வைத்திருப்பவரும் ஓட வந்திருந்த நாள்களில் ஓட்டக்காரர்கள் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 வினாடி விரைவாக ஓடியதைக் கண்டார். அப்படிப்பட்ட போட்டியாளர்கள் பெரும்பாலும் ஒத்த வயதினர், ஒத்த வேகத்தினர், பலமுறை நெருக்கமாக மோதியவர்கள். உங்களையும் மாமன் மகனையும் அப்படியே பொருத்திப் பார்க்கலாம். இதிலும் எச்சரிக்கை தேவை: இது ஒரே குழுவின் முடிவு, நல்ல உடல்நிலையில் இருக்கும்போது போட்டியாளர் வரும் ஓட்டங்களையே ஒருவர் தேடிப் போயிருக்கவும் கூடும். ஆயினும் என் அனுபவம் இதனோடு ஒத்துப்போகிறது. ஆக, அவர்களுக்குக் கிலோமீட்டருக்கு 5 வினாடி கொடுத்த அதே போட்டி, உங்களிடமிருந்து 8 வினாடி பறித்திருக்கிறது. போட்டியை ஓட்டத்தின் எந்தப் பகுதியில் செலவிட்டீர்கள் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனி ஏற்காடு. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சேலத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. அந்த உயரத்துக்குப் பழகாதவர்கள் 5 கிலோமீட்டரில் 2 முதல் 4 விழுக்காடு வேகம் இழப்பார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு என்பதை ஓடிப் பார்த்துத்தான் அறிய முடியும். முதல் நாள் இரவே போய்த் தங்கினால் உடல் பழகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஓரிரவுத் தங்கலால் உயரத்துக்கு ஒரு பயனும் இல்லை. குளிர் ஓரளவு ஈடுகட்டும், ஏனெனில் இந்த உயர வேறுபாட்டுக்குச் சேலத்தைவிட 7, 8 டிகிரி குறைவாகவே இருக்கும். ஆனால் ஜனவரி அதிகாலைக் குளிரில் தசை சூடேற நேரமாகும். கீழே பத்து நிமிடம் வார்ம்-அப் செய்கிறவர் அங்கே இருபது நிமிடம் செய்யட்டும்.

உயரத்தைவிடச் சரிவே உங்கள் கணக்கை அதிகம் மாற்றும். நீங்கள் கைப்பேசியில் பார்த்துச் சொன்னபடி இரண்டரை கிலோமீட்டரில் 65 மீட்டர் ஏற்றம் என்றால், சராசரியாக நூறு மீட்டருக்கு 2.6 மீட்டர் ஏறுகிறீர்கள். ஓட்டத்தின் ஆற்றல் செலவைச் சரிவுகளில் அளந்த ஆய்வுகளின்படி, இந்த ஏற்றத்தில் அதே வேகத்துக்குச் சமதளத்தைவிட 15 விழுக்காடு அளவுக்கு ஆற்றல் கூடுதலாகச் செலவாகும்; அதே சரிவில் இறங்கும்போது 13 விழுக்காடு அளவுக்குத்தான் மிச்சமாகும். சரிவு கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும்: நூறுக்கு ஐந்து மீட்டர் ஏற்றத்தில் 30 விழுக்காடு கூடுதல் செலவு, இறக்கத்தில் 24 விழுக்காடு மட்டுமே மிச்சம். ஏறும்போது இழந்ததை இறங்கும்போது முழுதாகத் திரும்பப் பெற முடியாது என்பதை இது காட்டுகிறது. இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்துவதால் தொடையின் முன்தசைகள் அடிவாங்குகின்றன; ஆகவே கணக்கில் வரும் மிச்சத்தைக்கூட முழுதும் வேகமாக மாற்ற முடிவதில்லை.

எண்களாக்கினால் இப்படி வருகிறது. சமதளத்தில் உங்கள் 5 நிமிடம் 24 வினாடி, உயரத்தால் 5 நிமிடம் 34 வினாடியை ஒட்டி ஆகும். ஏற்றத்தில் அதே உழைப்புக்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 முதல் 25 வினாடி. இறக்கத்தில் 5 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 28 நிமிடம் 30 வினாடியை ஒட்டி வரும். ஏற்றத்தில் 6 நிமிடம் 20 வினாடி என்பதைக் கேட்டாலே உங்களுக்கு மானக்கேடாகத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். சேலத்துச் சாலையில் நீங்கள் இலகுவாக ஓடும் நாள்களில்கூட அதைவிட விரைவாகத்தான் ஓடியிருப்பீர்கள். அந்த மானக்கேட்டைத் தாங்கிக்கொள்வதுதான் இந்த ஓட்டத்தில் உங்களுக்கு உள்ள முதன்மையான வேலை. மலைச்சாலையின் சரிவு ஒரே சீராக இராது என்பதால் கைக்கடிகாரத்தை நம்பாமல் மூச்சை நம்புங்கள். ஏற்றத்தின் முதல் ஒரு கிலோமீட்டரில் நாலைந்து சொல் கொண்ட ஒரு வாக்கியத்தை உங்களால் சொல்ல முடிய வேண்டும். ஒற்றைச் சொல்தான் வருகிறது என்றால் வேகம் மிகுந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அவர் முன்னே போவார். எவ்வளவு போனால் அஞ்சலாம், எவ்வளவு வரை விடலாம் என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அது நல்ல கேள்வி. கண்ணுக்குத் தெரியும் தூரம் நேரத்தைச் சரியாகச் சொல்லாது. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 வினாடி வேகத்தில் ஏறும்போது 10 வினாடி இடைவெளி 26 மீட்டராகத் தெரியும். அதே 10 வினாடி, 5 நிமிட வேகத்தில் இறங்கும்போது 33 மீட்டராகத் தெரியும். ஆகவே ஏற்றத்தில் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றி ஆசைகாட்டுவார். இறக்கத்தில் இடைவெளி சிறிதும் கூடாமலே அவர் நழுவிப்போவதுபோல் தோன்றி உங்களைப் பதற வைப்பார். இரண்டையும் நம்ப வேண்டாம். போன வழியே திரும்பும் பாதையில் உங்களுக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: அவர் திரும்புமிடத்தைச் சுற்றும் நொடியில் கடிகாரத்தைப் பாருங்கள், நீங்கள் சுற்றும்போது மறுபடி பாருங்கள். இடைவெளி 15 வினாடி என்றால், மீதமுள்ள இரண்டரை கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு 6 வினாடி வீதம் மீட்க வேண்டும். ஏற்றத்தில் தன்னை எரித்துக்கொண்ட ஒருவரிடமிருந்து அதை மீட்பது நடக்கக்கூடியதே. அது 40 வினாடியாக இருந்தால், அன்று அவர் உங்களைவிட வலுவாக இருக்கிறார் என்பதை ஏற்றுக்கொண்டு உங்கள் நேரத்துக்காக ஓடுங்கள்.

திரும்பியதும் முதல் நூறு மீட்டரில் பாய்ந்துவிடாதீர்கள். மூச்சு அடங்க அரை நிமிடம் கொடுங்கள். பிறகு அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, உடலைப் பின்னால் சாய்க்காமல் இறங்குங்கள். நீண்ட அடி வைத்துக் குதிகாலால் பிரேக் போட்டு இறங்குகிறவர்கள் கடைசிக் கிலோமீட்டரில் தொடை நடுங்கி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முந்துவதானால் தயங்காமல் முந்தி, பத்துப் பதினைந்து அடிக்கு அந்த வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வந்து இணையாக ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கும் வேகம் பிறந்துவிடும். முன்னே இருக்க நேர்ந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம். 1954 ஆகஸ்ட் 7 அன்று வான்கூவரில் பானிஸ்டரும் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டியும் மோதிய மைல் ஓட்டத்தில், முன்னே ஓடிய லாண்டி கடைசி வளைவில் இடத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். அதே நொடியில் பானிஸ்டர் வலப்புறமாக அவரைக் கடந்தார். முடிவு 3 நிமிடம் 58.8 வினாடி, 3 நிமிடம் 59.6 வினாடி. அந்தப் பார்வைதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பானிஸ்டரின் கடைசி வேகம் அன்று கூடுதலாகவே இருந்தது. ஆனாலும் யார் எங்கே வருகிறார் என்று அறிய நீங்கள் செலவிடும் ஒரு நொடி, வருகிறவருக்கு உங்கள் களைப்பைக் காட்டிக்கொடுக்கும்.

பின்னாலேயே ஓடிக் கடைசியில் முந்துவது முறைதானா என்ற கேள்விக்கு என் பதில் திட்டவட்டமானது: முறைதான். நடுத்தூர ஓட்டத்தில் அது பழைமையான, மதிக்கத்தக்க உத்தி. 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் புதுக்கோட்டைக்காரரான லட்சுமணன் கோவிந்தன் 5,000 மீட்டரில் தங்கம் வென்றபோது எடுத்த நேரம் 14 நிமிடம் 54 வினாடி. அந்தத் தரத்து ஓட்டக்காரர்களுக்கு அது மெதுவான ஓட்டம். பதக்கத்துக்கான ஓட்டத்தில் இடம்தான் முக்கியம், நேரம் அதற்குப் பிறகுதான். நீங்களும் முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது நல்ல நேரமா, அவருக்கு முன்னே முடிப்பதா? இரண்டுக்கும் ஒரே ஓட்டம் பொருந்தாமல் போகலாம். பின்னால் ஓடுவதால் காற்றுத்தடை குறையும் என்பதையும் கேட்டிருந்தீர்கள். உயர்நிலை ஓட்டக்காரர்களின் வேகத்தில் அது பொருட்படுத்தத்தக்க மிச்சம். நீங்கள் ஓடும் வேகத்தில், எதிர்க்காற்று வலுவாக இல்லாதவரை, மிகச் சொற்பம். ஆகவே பின்னால் ஓடி அவர் உழைப்பைத் திருடுவதாக எண்ணி மனம் வருந்த வேண்டாம்.

முறையற்றவை வேறு இருக்கின்றன: குதிகாலில் இடறும் அளவுக்கு நெருங்கி ஓடுவது, முந்த வருகிறவரை வளைந்து வளைந்து மறிப்பது, மூச்சு வாங்குகிறவரைச் சீண்டிப் பேசுவது. தடகள மைதானத்தில் மறித்தால் தகுதிநீக்கம் செய்யும் நடுவர் உண்டு. ஊர் ஓட்டத்தில் அதைப் பார்க்க யாரும் இல்லை, அதனாலேயே இருவரும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மலைச்சாலையில் போக்குவரத்தும் இருக்கும் என்பதால், வளைவின் உட்பக்கம் தூரம் குறைவு என்று எதிர்ப்புறம் பாய வேண்டாம் என்பதையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் பேசி வையுங்கள். ஒருவர் விழுந்தாலோ, நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல் என்று நின்றாலோ மற்றவர் நின்றுவிட வேண்டும். 1956-இல் ஆஸ்திரேலிய மைல் ஓட்டத்தில் இளைஞர் ரான் கிளார்க் இடறி விழுந்தபோது லாண்டி ஓட்டத்தை நிறுத்தித் திரும்பி வந்து அவரைப் பார்த்தார்; பிறகு மீண்டும் ஓடி எல்லோரையும் பிடித்து வெற்றியும் பெற்றார். வெற்றி எப்போதும் அப்படித் திரும்பக் கிடைக்காது. நிற்பது அதற்காகவும் அன்று. நாற்பதை நெருங்கும் உங்கள் இருவரில் யாருக்கேனும் சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு இருந்தாலோ, ஓட்டத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் இதயத்துடிப்பு எண்ணை எல்லையாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது சராசரிக் கணக்கு, தனிமனிதரிடம் 10, 12 துடிப்பு முன்பின் மாறுவது சாதாரணம்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல். மரநிழல் அடர்ந்த வளைவுச் சாலையில் ஜிபிஎஸ் காட்டும் நொடி வேகம் தடுமாறும். ஓட்டப் பாதையும் சரியாக 5 கிலோமீட்டர்தானா என்பது ஏற்பாட்டாளர்கள் அளந்த விதத்தைப் பொறுத்தது. அங்கீகாரம் பெற்ற சாலை ஓட்டங்களில், அளவு திருத்திய சைக்கிளைக் கொண்டு அளந்து, தூரம் குறைந்துவிடாமல் இருக்கக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டிப் போடுவார்கள். ஊர் ஓட்டங்களில் பெரும்பாலும் பைக்கின் மீட்டர்தான் அளவு. ஆகவே சேலத்து 27 நிமிடத்தையும் ஏற்காட்டு 28 நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருந்தவோ மகிழவோ பொருளில்லை. அதே சாலை, அதே குளிர், அதே ஏற்றம் கண்ட உங்கள் மாமன் மகன்தான் அன்றைக்கு நம்பத்தக்க அளவுகோல். நட்பான போட்டியை நான் விரும்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மீதமுள்ள வாரங்களில் இருவரும் சேர்ந்தே இதைப் பழகலாம். காந்தி மைதானத்தின் 400 மீட்டர் தடத்தில் உங்கள் 5 நிமிடம் 24 வினாடி வேகம் என்பது சுற்றுக்கு 2 நிமிடம் 10 வினாடி, பாதிச் சுற்றுக்கு 65 வினாடி. வாரம் ஒருநாள் ஐந்து முறை ஒரு கிலோமீட்டர், இடையில் இரண்டு நிமிட ஓய்வு. ஒற்றைப்படை முறைகளில் அவர் முன்னே, இரட்டைப்படை முறைகளில் நீங்கள் முன்னே. முன்னே ஓடுகிறவர் கடிகாரம் பார்க்கலாம், பின்னே வருகிறவர் பார்க்கக் கூடாது. பின்னே வருகிறவர் முந்தவும் கூடாது. முதல் பாதிச் சுற்றை 60 வினாடியில் ஓடினால் அந்த முறை தள்ளுபடி, மறுபடி ஓட வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் இரண்டாவது தடத்தில் இருப்பவர் சுற்றுக்கு 7 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார் என்பது நினைவிருக்கட்டும். இன்னொரு நாள் கன்னங்குறிச்சிப் பக்கமோ ஏற்காடு அடிவாரத்திலோ ஓர் ஏற்றத்தைத் தேர்ந்து, இரண்டு நிமிடம் ஏறி, நடந்து இறங்குவதை ஆறேழு முறை செய்யுங்கள். ஒரே மூச்சளவில் ஏறுவதே அங்கே நோக்கம். இறக்கத்தில் ஓடுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட வேண்டும், ஏனெனில் தொடைத்தசைகள் முன்பே ஓரிரு முறை இறக்கத்தைக் கண்டிருந்தால் ஓட்டத்தன்று படும் சேதம் குறையும். கடைசி வாரம் கடினமான பயிற்சி வேண்டாம்.

முதல் நாள் இரவே ஏற்காடு போவதைப் பரிந்துரைக்கிறேன். காரணம் உயரம் அன்று, சாலை. சேலத்திலிருந்து ஏறும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்; விடியற்காலையில் காலி வயிற்றோடோ இட்லி தின்றோ அதில் ஏறிக் குமட்டலோடு தொடக்கக் கோட்டில் நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அதற்கு வழியில்லை என்றால் ஓட்டத்துக்கு இரண்டு மணிநேரம் முன்பே மேலே இருக்கும்படி கிளம்புங்கள். இரண்டு வாழைப்பழமும் தண்ணீரும் போதும், 5 கிலோமீட்டருக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தொடக்கத்தில் முன்வரிசையில் நிற்காதீர்கள். பள்ளி மாணவர்கள் 100 மீட்டர் ஓட்டம்போல் பாய்வார்கள், அந்த அலை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். மாமன் மகன் முன்வரிசையில் நின்றால் நிற்கட்டும், நீங்கள் பத்து வரிசை பின்னால் நில்லுங்கள். கண்ணில் படாதவரைத் துரத்தும் ஆசையும் எழாது.

முடிவுக் கோட்டுக்கு முந்தைய வேகப் பாய்ச்சலை எங்கே தொடங்குவது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. பொதுவாக 200 முதல் 300 மீட்டர். உங்களைவிட அவருக்குக் கடைசி வேகம் அதிகம் என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்கள் விஷயத்தில் அது தாமதம். 600, 700 மீட்டர் இருக்கும்போதே படிப்படியாக வேகத்தைக் கூட்டி, அவருடைய பாய்ச்சலுக்குத் தேவையான மிச்சத்தை முன்பே செலவழிக்க வைக்க வேண்டும். இறக்கம் முடிந்து ஏரிக்கரை சமதளமாகும் இடம் அதற்கு ஏற்றது. ஓட்டத்துக்கு முன் நடந்து போய் அந்த இடத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ இருவரும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். முடித்தபின் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். தொடை வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். அது நான்கைந்து நாளில் அடங்கும்வரை இருவரும் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலி ஒரே காலில், ஒரே புள்ளியில் குத்தினாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.